வொர்க்ஹவுஸில் வாழ்ந்த முன்னோரைத் தேடுவோருக்கு: தி லண்டன் ஆர்கைவ்ஸ், ஒரு மதிப்பீடு

வறுமையின் காரணமாக லண்டன் வொர்க்ஹவுஸ் ஒன்றில், அதாவது ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதியில், வாழ நேர்ந்த முன்னோரைப் பற்றி அறிய விரும்புபவர் எந்த இணையதளத்துக்குச் சந்தா கட்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டால், முதலில் எதற்கும் கட்ட வேண்டாம், கிளார்க்கன்வெல்லில் இருக்கும் தி லண்டன் ஆர்கைவ்ஸுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றே சொல்வேன். சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் நடத்தும் இந்த ஆவணக் காப்பகம் 2024 வரை லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்கைவ்ஸ் என்ற பெயரில் இயங்கியது. தலைநகரின் ஏழைகளைப் பற்றி அரசு எழுதிவைத்தவற்றில் மிகப் பெரும் பகுதி இங்கேதான் இருக்கிறது. கட்டணச் சேவைகள் சிலவற்றையும் இலவசச் சேவைகள் சிலவற்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தில், இந்தத் தேடலுக்கு உதவும் சேவையை ஒரே அளவுகோலால் எடைபோடலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்: பெயரைத் தட்டினால் விடை காட்டுகிறதா என்பதைவிட, பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்க விடுகிறதா என்பதே முக்கியம்.

என் மனைவியின் குடும்பம் பல தலைமுறைகளாகக் கிழக்கு லண்டனில் வாழ்ந்தது. எங்கள் பிள்ளைகள் என் பக்கத்து முன்னோரைப் பற்றி என் அம்மாவிடமே கதை கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள். தாய்வழியில் கொள்ளுப்பாட்டிக்கு மேல் யார் என்று கேட்டபோது மட்டும் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என் மனைவியின் கொள்ளுப்பாட்டி பதினொரு வயதுச் சிறுமியாக, எந்த உறவினரும் உடனில்லாமல், லெய்டன்ஸ்டோனில் ஒரு பெரிய பள்ளியில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே காணப்பட்டார். கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் ஏழையர் உதவியை நிர்வகித்த கார்டியன் வாரியம் தன் பொறுப்பிலிருந்த ஏழைப் பிள்ளைகளை அனுப்பிவைத்த பள்ளி அது. வொர்க்ஹவுஸ் என்ற சொல்லை அந்தக் குடும்பத்தில் எவரும் உச்சரித்ததே இல்லை. வறுமையை வெட்கக்கேடாக எண்ணும்படி ஒரு சட்டம் மக்களைப் பழக்கியிருந்த காலம் அது என்பதால், அந்த மௌனத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த ஆயிரக்கணக்கான பாரிஷ்களை, அதாவது தேவாலய வட்டாரங்களை, சுமார் அறுநூறு யூனியன்களாகத் தொகுத்தது. ஒவ்வொரு யூனியனுக்கும் வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்த கார்டியன் வாரியம் ஒன்று அமைந்தது. உடல் வலுவுள்ளவருக்கு வெளியே பண உதவி தருவதைக் குறைத்து, உதவி வேண்டுமானால் வொர்க்ஹவுஸுக்குள் வர வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். உள்ளே ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்தார்கள்; சீருடை அணிவித்தார்கள்; வேலை வாங்கினார்கள். 1930 ஏப்ரலில் வாரியங்கள் ஒழிக்கப்பட்டன; பழைய ஏழையர் சட்டத்தின் எச்சங்கள் 1948-இல்தான் முற்றாக நீங்கின. இத்தனை ஆண்டுகளில் குவிந்த ஆவணங்களின் அளவும் நுணுக்கமும் வியப்பூட்டுபவை. இரக்கத்தால் எழுதப்பட்டவை அல்ல அவை. ஒவ்வொரு ரொட்டித் துண்டுக்கும் வரி கட்டுபவரிடம் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததாலும், ஒருவரைப் பராமரிக்கும் செலவு எந்தப் பாரிஷைச் சேரும் என்று சட்டப்படி நிறுவ வேண்டியிருந்ததாலும் எழுதப்பட்டவை. சந்ததியினராகிய நமக்கு இன்று கிடைப்பதெல்லாம் அந்தக் கணக்குவழக்கின் மிச்சம்.

காப்பகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மூல ஆவணங்களை வரவழைத்துப் பார்க்க விரும்புவோர் அடையாளச் சான்றுகளைக் காட்டி ஹிஸ்டரி கார்ட் என்ற இலவச அட்டையைப் பெற வேண்டும். திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது நல்லது. சேர்க்கைப் பதிவேடுகள் போன்ற அதிகம் தேடப்படும் ஆவணங்கள் ஏற்கெனவே ஆன்செஸ்ட்ரி என்ற குடும்ப வரலாற்றுத் தளத்துக்காக மின்படமாக்கப்பட்டிருப்பதால், அவற்றின் மூலத்தைக் கொடுக்காமல் கணினியில் பார்க்கச் சொல்வார்கள். பழைய தாளைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசையோடு வருபவருக்கு இது சற்று ஏமாற்றம் தரலாம். ஆனால் சந்தா கட்டினால்தான் வீட்டில் பார்க்கக் கிடைக்கும் அதே தொகுப்பு, வாசிப்பறைக் கணினிகளில் இலவசம். லண்டனின் பல பொது நூலகங்களிலும் இந்த வசதி உண்டு என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. ஊழியர்கள் பொறுமையானவர்கள். பெத்னல் கிரீன் வாரிய ஆவணங்களின் குறியீடு பி.இ.பி.ஜி. என்றும், பாப்லருக்கு பி.ஓ.பி.ஜி. என்றும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கு மேசையில் இருந்த ஓர் இளம்பெண். அந்தக் குறியீடு தெரிந்தபின் பட்டியலில் தடுமாற்றம் பெருமளவு குறைந்துவிட்டது.

இனி ஆவணங்களுக்கு வருகிறேன். இணையத்தில் உள்ள லண்டன் வொர்க்ஹவுஸ் சேர்க்கை, வெளியேற்றப் பதிவேடுகளின் தொகுப்பு 1764 முதல் 1930 வரை நீள்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் இடப்புறம் சேர்க்கை, வலப்புறம் வெளியேற்றம். சேர்ந்த தேதி, பெயர், தொழில், மதம், பிறந்த ஆண்டு, எந்தப் பாரிஷிலிருந்து வந்தார், யாருடைய உத்தரவின்பேரில் சேர்க்கப்பட்டார், உதவி தேவைப்பட்ட காரணம் என்று கட்டங்கள் வரிசையாகச் செல்லும். அவற்றுள் ஒரு கட்டத்தை யாரும் தவறவிடக் கூடாது: சேர்ந்தபின் அவருக்கு வழங்க வேண்டிய முதல் உணவு எந்த வேளையுடையது என்ற கட்டம். எத்தனை பேருக்கு எத்தனை வேளை உணவு செலவானது என்று மேலாளர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டது. என் மனைவியின் எள்ளுப்பாட்டியின் வரியில் தொழில் என்ற இடத்தில் தீப்பெட்டி செய்பவர் என்றும், உணவு என்ற இடத்தில் இராவுணவு என்றும் எழுதியிருந்தது. அடுத்த இரண்டு வரிகளில் பிள்ளைகள் இருவரின் பெயர்கள். அவற்றுக்கு எதிரே ‘மேற்படி’ என்பதற்கான இரட்டைக் கோடுகள். வீட்டுக்குள் உட்கார்ந்து அட்டையை மடித்துத் தீப்பெட்டி செய்து, நூற்றுநாற்பத்துநான்கு பெட்டிகளுக்குச் சில பென்னிகள் வாங்கிய பெண்கள் அந்தப் பகுதியில் ஏராளம். அவர்களில் ஒருத்தி, மதிய உணவு வேளை கடந்த பிறகு, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வாசலுக்கு வந்தாள் என்பதைக் குடும்பக் கதை எதுவும் எங்களுக்குச் சொல்லவில்லை. உணவுக் கணக்குக் கட்டம்தான் சொல்லியது.

இந்த வரி பெயரைத் தேடிக் கிடைத்தது அன்று. எந்தத் தளத்தின் அட்டவணையானாலும், கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவரின் ஊகத்தையே நாம் தேடுகிறோம். அதற்கு முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வாயால் சொன்ன பெயரை வாயிலில் இருந்த எழுத்தர் தன் காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பார். முதலெழுத்தே மாறிவிட்டால் எத்தனை நுட்பமான தேடுபொறியும் கைவிரித்துவிடும். இந்தத் தொகுப்பின் பெருமை, யூனியன், நிறுவனம், ஆவண வகை, ஆண்டு என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போய் முழுப் பதிவேட்டையும் அட்டை முதல் அட்டை வரை புரட்ட முடிவதே. அப்படிப் புரட்டியபோதுதான், அந்தப் பெண் ஒரே முறை வந்து தங்கிவிடவில்லை என்பது புலப்பட்டது. சில மணி நேரம் முன்னதாகத் தெரிவித்துவிட்டு எவரும் வெளியேறலாம் என்பது விதி. சொந்த விருப்பத்தின்பேரில் என்ற குறிப்போடு அவர் வெளியேறியிருக்கிறார், சில வாரங்களில் திரும்பியிருக்கிறார், மீண்டும் போயிருக்கிறார். வெளியேறும் தாய் தன் பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போக வேண்டும் என்பதால், பள்ளிப் பதிவேட்டில் பிள்ளைகள் விடுவிக்கப்பட்ட தேதியையும் வொர்க்ஹவுஸ் பதிவேட்டில் தாய் வெளியேறிய தேதியையும் பொருத்திப் பார்க்க முடிந்தது. ஒரே பெயரில் பலர் இருந்த அந்த ஊரில், இவர்தான் நாம் தேடும் பெண் என்று உறுதிசெய்ய இதைவிடத் திடமான சான்று வேறு கிடைக்காது. ஒரே ஒரு தேடல் முடிவை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும் சேவையால் இந்தச் சான்றைத் தந்திருக்க முடியாது.

புதிதாகத் தொடங்குபவர் சேர்க்கைப் பதிவேட்டைவிட மதப் பதிவேட்டிலிருந்து தொடங்குவது எளிது. உள்ளே இருப்பவரின் மதத்தை முறையாகக் குறித்துவைக்க வேண்டும் என்ற கட்டாயம் 1860-களின் இறுதியில் வலுப்பட்டது. அதன் விளைவாக எழுதப்பட்ட இப்பதிவேடுகள் பெரும்பாலும் குடும்பப் பெயரின் முதலெழுத்து வரிசையில் இருப்பதால், ஓர் எழுத்துக்குரிய சில பக்கங்களைப் பார்த்தாலே பல ஆண்டுகளைக் கடந்துவிடலாம். சேர்வதற்கு முன் இருந்த முகவரியும், உறவினர் பெயரும் சிலவற்றில் கிடைக்கும்.

ஆனால் இந்தக் காப்பகத்தின் உண்மையான புதையல் செட்டில்மென்ட் விசாரணைப் பதிவுகளே என்பது என் கருத்து. ஓர் ஏழையைப் பராமரிக்கும் கடமை எந்தப் பாரிஷுக்கு உண்டு என்பதைத் தீர்மானிக்க, அவரை உட்காரவைத்து வாழ்க்கை வரலாற்றையே கேட்டு எழுதினார்கள்: எங்கே பிறந்தார், யாரை எந்தத் தேவாலயத்தில் மணந்தார், எந்தத் தெருவில் எவ்வளவு காலம் என்ன வாடகைக்கு இருந்தார், கணவர் எங்கே. பெத்னல் கிரீன் வாரியத்தின் இந்தப் பதிவுகள் நல்ல அளவில் எஞ்சியிருக்கின்றன. எங்கள் எள்ளுப்பாட்டியின் விசாரணை அரைப் பக்கம்தான். ஷோர்டிச் செயின்ட் லெனார்ட்ஸ் தேவாலயத்தில் திருமணம் நடந்ததாகவும், நாற்காலி செய்யும் தொழிலாளியான கணவர் வேலை தேடிப் போவதாகச் சொல்லிச் சென்றவர் திரும்பவில்லை என்றும், அதன்பின் மூன்று தெருக்களில் ஒவ்வோர் அறையாக வாடகைக்கு மாறியதாகவும் அதில் இருக்கிறது. அடியில் கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி. அந்தத் தெருப் பெயர்களை வரிசைப்படுத்தினால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட எளிய இடம் என்பது அக்கால வரைபடத்தில் தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைகளைக் காப்பாற்ற அவர் எத்தனை வழிகளை முயன்றுவிட்டு அந்த வாசலுக்கு வந்தார் என்பதை அறிந்தபோது, என் மனைவிக்கும் எனக்கும் அவர்மீது பெரும் மரியாதை உண்டாயிற்று. தேவாலயத்தின் பெயர் கிடைத்ததும் திருமணப் பதிவும், அதிலிருந்து அவருடைய தந்தையின் பெயரும் தொழிலும் கிடைத்தன. ஒரு தலைமுறைக்கு மேல் போக வழியே இல்லை என்று நினைத்திருந்த குடும்பக் கொடி இவ்வாறு நீண்டது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. முன்னோரைத் தேடித் தருவதாக விளம்பரம் செய்த ஒரு தனியார் சேவைக்கு, இந்த வேலையைத் தொடங்கும் முன்பே கணிசமான தொகை செலுத்தியிருந்தோம். அழகாக அச்சிட்ட ஒரு குடும்ப மரம் வந்தது. அதில் இருந்த தகவல்கள் பிற உறுப்பினர்கள் இணையத்தில் ஏற்றிய குடும்ப மரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரு பதிவேட்டின் பெயரோ பக்க எண்ணோ எங்கும் இல்லை. பெயர் ஒன்றாக இருந்தது என்பதற்காகவே, வேறொரு மாவட்டத்தில் வசதியாக வாழ்ந்த ஒரு குடும்பத்தை எங்கள் குடும்பத்தோடு இணைத்திருந்தார்கள். ஆய்வாளரை அமர்த்துவது தவறன்று. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு அது தேவையும்கூட. பார்த்த ஒவ்வொரு ஆவணத்தின் குறியீட்டையும், தேடியும் கிடைக்காத பதிவேடுகளின் பட்டியலையும் எழுத்தில் தருவதாக ஒப்புக்கொள்பவரிடம் மட்டுமே வேலையைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை.

பிறப்புச் சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1904-க்குப் பின் வொர்க்ஹவுஸில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதாமல், வெறும் தெரு முகவரியைப் போலத் தோன்றும் ஒன்றை எழுதுமாறு பதிவாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. குழந்தை வளர்ந்தபின் பிறந்த இடம் அதற்குப் பழியாகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணமே காரணம். லிவர்பூல் வொர்க்ஹவுஸில் பிறந்தவர்களுக்கு 144ஏ, பிரவுன்லோ ஹில் என்று எழுதினார்கள். ஆகவே, குடும்பத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு முகவரி சான்றிதழில் இருந்தால், அதைத் தெருப் பட்டியலில் சரிபார்க்காமல் கடந்துவிடக் கூடாது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணையைப் பயன்படுத்துவதிலும் ஓர் ஆதாயம் உண்டு: பழைய அச்சு அட்டவணைகளில் 1911-க்குப் பின்புதான் காணப்படும் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், இதில் 1837 முதலே சேர்க்கப்பட்டிருக்கிறது.

லண்டனுக்கு வெளியே இருந்த முன்னோரைத் தேடுவோருக்கு இந்தக் காப்பகம் அதிகம் உதவாது. அவர்கள் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தைத்தான் நாட வேண்டும். எந்த யூனியனின் ஆவணம் எங்கே இருக்கிறது, எவை அழிந்துவிட்டன என்பதை workhouses.org.uk என்ற இணையதளம் ஒவ்வொரு யூனியனுக்கும் வரைபடத்தோடும் கட்டட அமைப்போடும் இலவசமாகத் தருகிறது. புறப்படுமுன் அதைப் பார்த்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.எச். 12 என்ற வரிசையில், 1834 முதல் 1900 வரை யூனியன்களுக்கும் மத்திய அதிகாரிகளுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து 16,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக இருக்கிறது. சவுத்வெல் உள்ளிட்ட சில யூனியன்களின் கடிதங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகப் படித்து விரிவான பட்டியல் தயாரித்திருக்கிறார்கள். ஏழைகள் தாமே எழுதிய முறையீடுகளும் அவற்றுள் உண்டு. ஆனால் பெரும்பான்மையான தொகுதிகளில் பெயரால் தேட முடியாது என்பதால், இதை முதற்படியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். அயர்லாந்துக்கு 1838-இல் தனிச் சட்டம் வந்தது. டப்ளின் பதிவேடுகள் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் கிளாஸ்கோ நகர ஆவணக் காப்பகத்தின் உதவி விண்ணப்பங்கள் மிகவும் விரிவானவை.

கட்டடத்தையே காண விரும்புவோர் நாட்டிங்ஹாம்ஷயரில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கும் சவுத்வெல் வொர்க்ஹவுஸுக்குப் போகலாம். 1824-இல் கட்டப்பட்ட அந்த இடத்தின் பிரிப்புச் சுவர்களைப் பார்த்த பின் பதிவேட்டின் வரிகள் வேறு விதமாகப் புரியும். லண்டனிலேயே பல கட்டடங்கள் மருத்துவமனைகளாகத் தொடர்ந்தன. செயின்ட் பாங்க்ரஸ் மருத்துவமனை அவற்றில் ஒன்று. நம்மவர்கள் மருத்துவராகவும் செவிலியராகவும் நாள்தோறும் நடந்துபோகும் வளாகங்கள் இவை. சார்லி சாப்ளின் ஏழு வயதில் தாயோடும் அண்ணனோடும் தெற்கு லண்டன் வொர்க்ஹவுஸுக்குள் போனவர். 1898-இல் அந்தக் குடும்பம் மறுபடியும் சேர நேர்ந்த லாம்பெத் வொர்க்ஹவுஸின் ஒரு பகுதியில் இப்போது சினிமா மியூசியம் இருக்கிறது.

தி லண்டன் ஆர்கைவ்ஸில் குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். இணையப் பட்டியல் ஆவணவியல் பயின்றவர்களுக்கு ஏற்றது. வாரியம், நிறுவனம், ஆவண வகை என்ற அடுக்குமுறையை அறியாமல் பெயரைத் தட்டுபவருக்கு ஒன்றும் கிடைக்காது, அதைக் கண்டு ஆவணமே இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவோரும் உண்டு. தனிநபர் தகவல்கள் அடங்கிய பிற்காலப் பதிவேடுகளில் சில, நூறு ஆண்டுகள் மூடிவைக்கப்படுகின்றன. நோக்கம் நியாயமானதே என்றாலும், 1920-களின் இறுதியில் சேர்ந்த பாட்டியைத் தேடும் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு கடினம். சில வாரியங்களின் பதிவேடுகளில் பத்தாண்டு இடைவெளிகள் உள்ளன. எனக்குப் பெரிய குறையாகப் படுவது, கார்டியன் வாரியங்களின் கூட்டக் குறிப்பேடுகள் பெயர் அட்டவணை இல்லாமல் கிடப்பதே. ஒரு சிறுமியை வீட்டுவேலைக்கு அனுப்பினார்களா, கனடாவுக்குக் கப்பலேற்றினார்களா, ஓர் உறவினரிடம் ஒப்படைத்தார்களா என்ற முடிவுகள் அவற்றில்தான் இருக்கின்றன. கனடாவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தப் பக்கத்தில் கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும் பெயர்ப் பட்டியலை இலவசமாகத் தருகிறது, இந்தப் பக்கத்தில் அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டக் குறிப்பைத் தேடக் கையால் புரட்ட வேண்டியிருக்கிறது. தன்னார்வலர்களைக் கொண்டு கியூவில் கடிதங்களுக்குச் செய்ததை கிளார்க்கன்வெல்லில் குறிப்பேடுகளுக்கும் செய்தால், உதவ முன்வருபவர்களில் நானும் இருப்பேன்.

எங்கள் தேடலில் மீதமிருப்பது நாற்காலி செய்த அந்தக் கணவர் எங்கே போனார் என்ற கேள்வி. வேறொரு யூனியனின் மருத்துவப் பிரிவில் அதே பெயரும் தொழிலும் கொண்ட ஒருவர் இறந்ததாக ஒரு வரி இருக்கிறது. பிறந்த பாரிஷ் பொருந்துகிறது, வயது பொருந்தவில்லை. ஹாக்னி வாரியத்தின் மதப் பதிவேட்டை அடுத்து வரிசையாகப் பார்க்கவிருக்கிறோம்.